கிழங்கு சோறில்லை என்று நினைத்திருந்தோம்

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன அன்று எங்கள் பத்தாயம் நிறையக் கன்னிப்பூப் பருவத்து நெல் கிடந்தது. அறுவடை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவர் பயிரிட்ட நெல். இனி அதில் ஒரு மணிகூட அவர் வாயில் படக்கூடாது என்றார் டாக்டர்.

வலது கால் பெருவிரலில் ஒரு புண். வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்டது. இரண்டு மாதமாகியும் ஆறாமல் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. "அரிசி, கோதுமை, கேப்பை, எந்தத் தானியமும் கூடாது. இனிப்பும் கூடாது. ஆறு வாரம் பார்ப்போம். புண் இப்படியே இருந்தால் விரலை எடுக்க வேண்டிவரும்" என்றார் டாக்டர். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் போய், வேறு என்ன கொடுக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்நிய ஆணிடம் பேச எனக்கு நாக்கு எழும்பாது. கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக் குழாயும், நீல மருந்துத் தண்ணீர் ஒரு குப்பியும், சிறிய ஸ்பிரிட் விளக்கும் தந்திருந்தார். நீல மருந்து ஒரு தேக்கரண்டி, அதில் மூத்திரம் எட்டுச் சொட்டு. கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். முதல் நாள் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் நீலம் கலங்கிப் பச்சையாகி, மஞ்சளாகி, கண்முன்னாலேயே செங்கல் பொடியாக அடியில் படிந்ததைப் பார்த்ததும் அருவருப்பு போய்விட்டது. மறுநாள் காலை எப்போது விடியும் என்று இருந்தது.

சோற்றை நிறுத்திய முதல் மதியம் அவர் இலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, சோறு எங்க?"

"டாக்டர் சொன்னது மறந்து போச்சா? இனி சோறு கெடையாது."

"அப்பம் நான் என்னத்தத் திங்க? மண்ணையா?"

மண்ணைத் தின்ன விடுவேனா? மரச்சீனிக் கிழங்கை, மரவள்ளி என்பார்களே அதை, அவித்துத் தேங்காய் அரைத்துப்போட்டு மசித்து, சாளை மீன் குழம்போடு வைத்தேன். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த ரேஷன் காலத்தில் எங்களைக் காப்பாற்றியதே இந்தக் கிழங்குதான். எங்கள் பக்கம் சோறு தின்றால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. கிழங்கு தின்றவரைக் கேட்டால், இன்னும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்வார். மண்ணுக்கடியில் விளைவது தானியமும் இல்லை. ஆகவே அவர் பட்டினி கிடப்பதாகவே எண்ணி, பாவம் பார்த்து இரண்டு கரண்டி அதிகமாகவே வைத்தேன். காலையிலும் கிழங்கு, இரவிலும் கிழங்கு.

மூன்று வாரம் போயிற்று. தினமும் குழாயில் செங்கல் நிறம்தான்.

எங்கேயோ திருட்டுச் சோறு சாப்பிடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த தெருவில் அவருடைய அக்காள் வீடு. எனக்கு மைனி. தம்பி என்றால் மைனிக்கு உயிர். சாயங்காலம் அவர் அங்கே போய்விட்டு வந்தால், துண்டை வாங்குகிற சாக்கில் விரல் நுனியில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பேன். சாம்பார் மணம் வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒருநாள் நானே அங்கே போனேன்.

"மைனி, அவரு இஞ்ச வந்தா ஏதாவது சாப்பிடுதாரா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

மைனி புளி உருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"சோறு போட்டு எந்தம்பி வெரலை நானே வெட்டிக் களைவேன்னு நெனச்சியாட்டி? வெள்ளம் குடிச்சாக்கூட உங்கிட்டக் கேட்டுட்டுக் குடுக்கணுமோ?"

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். விஷயம் அவர் காதுக்குப் போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. "சோத்தைக் கண்ணால கண்டு மூணு வாரமாச்சு, கேட்டியா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அக்காள் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். என்னிடமும் பேச்சு குறைந்தது. புண்ணைக் கழுவும்போது காலை மட்டும் நீட்டுவார், முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

ஐப்பசி மழை பிடித்தது. மேற்கேயிருந்து கிழங்கு சுமந்து வருகிற பெண் மூன்று நாள் வரவில்லை. மீனும் இல்லை. வீட்டில் இருந்த முட்டையையும் கருவாட்டையும் கொல்லையிலிருந்த முருங்கைக்கீரையையும் வைத்துச் சமாளித்தேன். கீரையில் தேங்காய் நிறையப் போட்டு வதக்கித் துவரன் செய்தேன். மூன்றாம் நாள் காலை குழாயைக் கொதிக்கவைத்தால், பச்சை. மருந்து கெட்டுப்போயிற்றோ என்று திரும்பவும் செய்தேன். அதே பச்சை.

மழை விட்டு, கிழங்குக்காரி வந்தாள். அன்று கிழங்கு வைத்தேன். மறுநாள் செங்கல் நிறம்.

அப்படியானால் கிழங்குதானா? ஆனாலும் முழுவதும் நம்ப முடியவில்லை. கிழங்கில் சர்க்கரை இருந்தால் குழாயில் தெரியவேண்டுமே? அவித்த கிழங்கைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. கிழங்கின்மேல் குற்றம் இல்லை என்று சொல்வதுபோல இருந்தது. அப்படியானால் அவருக்குள் போய் அது என்ன ஆகிறது?

இரண்டு நாள் அதே யோசனை. ஒரு மதியம் அவர் வயலுக்குப் போன நேரம் அடுக்களையில் தனியாக உட்கார்ந்து ஒரு துண்டுக் கிழங்கை வாயில் போட்டு மென்றேன். யோசனையில் விழுங்க மறந்து வெகுநேரம் மென்றுகொண்டே இருந்துவிட்டேன். அப்போதுதான் நாக்கில் இலேசாக இனித்தது. இத்தனை வயதுவரை கிழங்கு தின்றிருக்கிறேன், அந்த இனிப்பை ஒருநாளும் கவனித்ததில்லை.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, மென்றதைத் தேங்காய்ச் சிரட்டையில் துப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, துணியில் வடிகட்டிக் குழாயில் விட்டேன். கொதித்தது. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, ஆரஞ்சு நிறத்தில் நின்றது. குழாயைக் கழுவிவிட்டு, அவர் கண்ணில் படாமல் எனக்கு வடித்த சோற்றில் ஒரு பிடி எடுத்து மென்று அதேபோலச் செய்தேன். அதே ஆரஞ்சு. கருவாட்டை மென்றும் பார்த்தேன். அது நீலம். சோறும் கிழங்கும் வாய்க்குள் போனால் ஒன்றுதான், இரண்டும் சர்க்கரை. மூன்று வாரத்துக்கு மேலாக நான் அவருக்குச் சோறுதான் போட்டிருக்கிறேன், வேறு பெயரில்.

அவர் வயலிலிருந்து வந்து காலைக் கழுவியதும், மறுபடி கிழங்கை மென்று ஆரஞ்சாக்கி வைத்திருந்த குழாயைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"துப்பினதையா வேவிச்சே?"

"ஆமா."

"சவம், இதுக்குத்தானா கதவைச் சாத்திட்டு இருந்தே?" என்று சிரித்தார். பல நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

ஆறு வாரத்தில் பாதிக்குமேல் வீணாகியிருந்தது. மீதி நாட்களில் கிழங்கும் போயிற்று, ஏத்தன் வாழைக்காயும் போயிற்று. மீன், முட்டை, கீரை, புடலங்காய், தேங்காய், மோர். "ஆட்டுத் தீவனம்" என்று முனகிக்கொண்டே தின்றார். பாதி இரவில் பசிக்கிறது என்பார். அடுத்த நாள் கீரையோடு இன்னொரு முட்டை வைப்பேன். சில காலைகளில் பச்சை, சில காலைகளில் நீலம். புண்ணின் கறுப்பு பரவாமல் நின்றது. ஆனால் உள்ளே எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை.

சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மைனியும் கூட வந்தார், என்னோடு பேசாமல். டாக்டர் ஒரு சின்னக் கத்தியால் கறுத்த தோலைச் சுரண்டினார். இந்த முறை நான் கதவோரம் நிற்காமல் கட்டில் அருகிலேயே நின்றேன். தோல் பெயர்ந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. டாக்டர் துடைத்தார். மறுபடி கசிந்தது.

"ரத்தம் நல்லா ஓடுது. சதை உயிரோட இருக்கு. வெட்ட வேண்டாம்" என்றார். பிறகு, "என்ன சாப்பிட்டீங்க?" என்று அவரிடம் கேட்டார்.

அவர் என்னைக் கைகாட்டினார். நான் கிழங்கைப் பற்றிச் சொன்னேன். மென்று பார்த்ததையும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, "திரும்பச் சொல்லுங்கம்மா" என்றார். திரும்பச் சொன்னேன். தானியம் என்று மட்டும் சொல்லிக் கிழங்கை விட்டது தன் தவறு என்று அவர் சொன்னபோது, எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

வெளியே வந்ததும் மைனியின் கையைப் பிடித்தேன். மன்னிப்பு என்கிற சொல் வாயில் வரவில்லை.

"கிழங்கை அவிச்சுக் கொட்டுனவ நீ, பழி எனக்காட்டி?" என்றார் மைனி. கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை. பஸ் வந்தபோது தம்பியை முன்னால் ஏறவிட்டு, அந்தக் கால் எங்கும் இடித்துவிடாமல் நாங்கள் இருவரும் பின்னால் கைகொடுத்து ஏற்றினோம்.