பெரிய ஊட்டில் எடுத்த மூன்று படங்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீயை பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். காரணம் என் பிழைப்பு அப்படி. கோவில்பட்டியிலிருந்து வந்து, வீரபாண்டியில் பனியன் கம்பெனிகளுக்குக் கேட்லாக் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். டம்மிப் பொம்மைக்குச் சட்டையை மாட்டிப் படம் எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் டம்மியை மட்டும் அழித்துவிட்டால் ஆளே இல்லாமல் சட்டை அந்தரத்தில் நிற்கும், வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்படித்தான் வேண்டும். ஒரு நாளைக்கு நூறு பேயாவது நானே செய்து அனுப்புகிறேன், இதில் எந்தப் பேய்க்கு நான் பயப்பட? நீங்களும் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

எனக்கு வேலை தருகிற முதலாளி ஒருவர், சென்னியப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய முப்பாட்டன் கட்டிய பங்களா ஒன்று ஊத்துக்குளிப் பக்கம் இடிந்து கிடந்தது. வீட்டை ஊடு என்கிற அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பெரிய ஊடு என்று பெயர். கூரை எப்போதோ போய்விட்டது, கதவுகளைக்கூட யாரோ நிலையோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், தூண்களும் சுவர்களும்தான் மிச்சம். அதை இடித்துவிட்டு குடோன் கட்ட முடிவு செய்து, இடிப்பதற்கு முந்தின நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"எங்கக்கா ஒரே புடியா நிக்குதுங்க. இடிக்கறதுன்னா இடிச்சுக்க, நடுக்கூடத்த மட்டும் ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துருன்னு. அம்மா நடமாடுன எடமுங்க. அக்காவால நடக்க முடியாது, இல்லீன்னா நேர்லயே கூட்டியாந்து காட்டிருவேன்."

"அம்மா போட்டோ இருந்தா சேத்து வச்சு ஒண்ணு செஞ்சு தாரேன் அண்ணாச்சி."

"அதான் ஒண்ணுகூட இல்லீங்களே. போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு கடைசி வரைக்கும் நிக்கவே இல்லீங்க. எங்க கலியாணத்துல கூட கேமராவப் பாத்தாச் சமையக்கட்டுக்குள்ள பூந்துக்குவாங்க."

காலை பத்து மணி, நல்ல வெயில். அவர் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் ஸ்டாண்டைப் போட்டேன். பட்டனை ஒரு முறை அழுத்தினால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து மூன்று படம் படபடவென்று விழுந்துவிடும், ஒரு விநாடிகூட ஆகாது. எருக்கஞ்செடியும் ஆட்டுப் புழுக்கையும் தவிர அங்கே எதுவும் இல்லை, சத்தியமாக இல்லை. உடம்பு சில்லென்று ஆனது என்று சொன்னால் கதைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் வேர்த்துத்தான் கொட்டியது.

ஸ்டூடியோவுக்கு வந்து பார்த்தால் மூன்று படத்திலும் தூண் ஓரத்தில் ஒரு வயதான அம்மா. ஆடு மேய்க்கிறவர் யாரோ குறுக்கே வந்துவிட்டார் என்று நினைத்தேன், நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது படம்தான் தெளிவாக இருந்தது. அதைப் பெரிதாக்கி, டம்மியை அழிப்பதுபோலவே தலையில் ஆரம்பித்துக் கால்வரை அழித்து அதன் மேலேயே சேவ் செய்தேன், ஐந்து நிமிட வேலை. மறுநாள் குழந்தைகள் பனியன் எக்கச்சக்கமாக எடுக்க வேண்டியிருந்ததால், மற்ற இரண்டு படத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு கேமரா கார்டையும் வழக்கம்போல் துடைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு முதலாளியோடு அவிநாசியில் இருக்கும் அவர் அக்கா வீட்டுக்குப் போனேன். அதற்குள் பெரிய ஊடு தரைமட்டம். ருக்குமணி அக்கா கட்டிலில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் படத்தில் தரை இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ஏங்கண்ணு, இது ஆரு நெழலு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். தூணின் நிழலுக்குப் பக்கத்தில் ஓர் ஆளின் நிழல். டம்மிக்கு நிழலே விழாதபடி நாலு பக்கமும் விளக்கு வைத்து எடுக்கிறவன் நான், நிழலை அழிக்கிற பழக்கமே என் கைக்குக் கிடையாது. ஆளை அழித்துவிட்டு நிழலை அப்படியே விட்டிருக்கிறேன்.

"ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தங்க குறுக்க வந்துட்டாங்கம்மா. அழிச்சிட்டேன், நிழல மறந்துட்டேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். "இந்த எடது கையப் பாரு சாமி. மடங்கியே இருக்குது பாரு."

சின்ன வயதில் உடைந்து கோணலாகச் சேர்ந்துவிட்ட கையாம், அவர்கள் அம்மாவுக்கு அதை நீட்டவே வராதாம். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொள்ளவே இல்லை.

"அழிச்சுப் போட்டியா கண்ணு?" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம். அன்றைக்குப் போல் நான் என்றைக்கும் கூசிப்போனதில்லை.

ராப்பகலாக உட்கார்ந்து அழிந்த படங்களை மீட்கப் பார்த்தேன், காசு கொடுத்துத் தெரிந்தவர்களிடமும் கார்டைக் கொடுத்துப் பார்த்தேன். மறுநாள் அதே கார்டில் எடுத்த குழந்தைகள் பனியன் படங்கள்தான் வரிசையாகத் திரும்பி வந்தன.

அக்கா இன்னமும் மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறார், கேட்பது ஒன்றே ஒன்றுதான். "மூஞ்சி எப்படி இருந்துச்சு கண்ணு, கொஞ்சம் நெனச்சுப் பாத்துச் சொல்லு." சிரித்த முகமாக இருந்தார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்தான், முகத்தைத்தானே முதலில் அழித்தேன், எனக்கு அது ஞாபகமே இல்லை.

ஞாபகம் இருப்பது வேறு. அதை அக்காவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். ஒரு விநாடிக்குள் விழுந்த படங்கள் அவை. முதல் படத்தில் அந்த அம்மா தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து எட்டிப் பார்க்கிறார். இரண்டாவதில் தூணை விட்டு வெளியே வந்திருக்கிறார். மூன்றாவதில், வலது கையால் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி கேமராவுக்கு நேராக நிமிர்ந்து நிற்கிறார்.