புடவைக் கடலில் கொட்டிய தேயிலை

என்னைக் கேட்காமல் போட்ட ஒரு சட்டத்தை எதிர்த்து நான் தேயிலையைக் கடலில் கொட்டியபோது எனக்குப் பதினோரு வயது. கடல் என்றால் அம்மாவின் நீலப் புடவை. ஆழ்வார்பேட்டையில் அம்மா பாத்திரம் தேய்த்த வீட்டில் தீபாவளிக்குக் கொடுத்தது. இரண்டு பெண்கள் இரண்டு முனையையும் பிடித்து ஆட்ட, மந்தைவெளியில் எங்கள் பள்ளியின் ஆண்டுவிழா மேடையில் அது அலையடித்துக்கொண்டிருந்தது. தேயிலை என்றால் மாமா வேலை செய்த டீக்கடையிலிருந்து தூக்கி வந்த பலகைப் பெட்டிகள். உள்ளே ஒன்றுமில்லை, வாசனை மட்டும்.

நாடகம், அமெரிக்க விடுதலை. சரித்திர டீச்சர் எழுதியது. கடலுக்கு அப்பால், முகம் பார்த்தறியாத ஒரு ராஜா. அவன் காகிதத்துக்கு வரி என்கிறான், தேயிலைக்கு வரி என்கிறான், என் சிப்பாய்களுக்குத் தங்க இடம் கொடு என்கிறான். அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் குற்றம் என்று டீச்சர் கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அதே வாரம் அடையாற்றின் கரையில் எங்கள் குடிசை வரிசைக்கு ஆட்கள் வந்து, ஒவ்வொரு கதவிலும் மஞ்சள் பெயிண்டில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஆற்றங்கரையைக் காலி செய்யச் சட்டம் வந்துவிட்டதாம். ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் அடுக்குமாடி கட்டுகிறார்களாம். மாமா எண்ணைப் பார்த்துக் கத்தினார்.

"எவன்டா நம்மள கேட்டான்? ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு மேப்புல கோடு இஸ்துட்டானுங்க!"

டீச்சரும் மாமாவும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள் என்று நம்பினேன். இந்த நாடகம் எங்களைப் பற்றியது. டீச்சருக்கு எங்கள் கதவு தெரிந்திருக்கிறது.

அப்புறம் வேஷம் பிரித்தார்கள்.

ராஜா, கவர்னர், தளபதி, சட்டம் எழுதும் பெரியவர்கள் எல்லாம் சிவப்பாக இருந்த பிள்ளைகள். அவர்களுக்குப் பஞ்சில் செய்த வெள்ளை முடி. ஆற்றங்கரையிலிருந்து வந்த ஆறு பேருக்கும் தேயிலை கொட்டும் வேலை. அந்த நாளில் தேயிலை கொட்டியவர்கள், யாரென்று தெரியாமலிருக்க, அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் போல வேஷம் கட்டிக்கொண்டு கப்பலேறினார்களாம், முகத்தில் கரி பூசிக்கொண்டு. டீச்சர் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்குடி கரி? மிச்சம் பண்ணிடலாம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். டீச்சரை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று கூடச் சொல்லலாம். என்னுடைய அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வீம்புக்காகவே கரி பூசிக்கொண்டேன், அடுப்புக் கரி, காது மடல் வரை. மாமா கறிக்கடையில் சொல்லிவைத்துக் கோழி இறகு வாங்கி, சோப்புப் போட்டு அலசி, சைக்கிள் டியூபைக் கிழித்து அதில் செருகிக் கிரீடம் செய்து கொடுத்தார். எத்தனை அலசியும் கோழி நாற்றம் போகவில்லை. "இன்னா இப்போ, அங்க இருந்தவனுங்க மட்டும் சென்ட்டு பூசிக்கினா திரிஞ்சானுங்க?" என்றார்.

அம்மா அதுவரை என் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மூன்று வீட்டு வேலை. ஆனால் அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். "அஞ்சு மணிக்கு நான் அங்க கீறேன், போ." எனக்கு அமெரிக்கா விடுதலை அடைந்தாலும் ஒன்றுதான், அடையாவிட்டாலும் ஒன்றுதான். அம்மா என்னை மேடையில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்தாகியது. ராஜா வரி போட்டு முடித்தான். எங்கள் காட்சி வந்தது. பார்வையாளர் கூட்டத்தில் அம்மா இல்லை. நான் பெட்டியை மெதுவாகத் தூக்கினேன். மெதுவாக நடந்தேன். மற்ற ஐந்து பேரும் கொட்டி முடித்துக் கோஷம் போட்ட பிறகும் நான் கேட்டைப் பார்த்தபடி பெட்டியைக் கவிழ்க்காமல் நின்றேன். கடலை ஆட்டிக்கொண்டிருந்தவள் கைவலி தாங்காமல், "கொட்டித் தொலையேன்டி" என்றாள். கொட்டினேன். அம்மா வரவில்லை.

போர்க் காட்சி. அட்டைத் துப்பாக்கி. செத்து விழுந்ததும் எங்கள் பிள்ளைகள்தான், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. திரை மூடியதும் எழுந்து, தூசி தட்டி, "போய் மூஞ்சி கழுவிக்கோங்க" என்று துரத்தப்பட்டார்கள்.

கடைசிக் காட்சி. நீள மேசை, மைக், பஞ்சு முடிகள். எல்லா மனிதரும் சமம் என்று சொல்லித் தங்களுக்கான சட்டத்தைத் தாங்களே எழுதும் கட்டம். திரை ஓரத்தில் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அம்மா தெரிந்தாள். மூச்சு வாங்க நின்று, மேடையில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் போய் அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டேன். கரியோடும் இறகோடும்.

தலைவர் வேஷக்காரன் திடுக்கிட்டான். "ஏய், உன் சீன் ஓவர். எந்திரிடி."

"எங்கம்மா வந்துகீது. கொஞ்ச நேரம் குந்திட்டுப் போறேன்."

"இங்கெல்லாம் நீ வரக்கூடாது. நாங்கதான் எழுதணும்."

"டீய கொட்னது நாங்கதானே?"

மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் பொன்னாடை போர்த்திய பெரிய மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். டீச்சர் மேடைக்கே வந்து, என் தோளை அழுத்திப் பிடித்து எழுப்பி, உள்ளே இழுத்துப் போனார். கைதட்டல் கேட்டது.

பிற்பாடு, வளர்ந்து, வேலைக்குப் போய், நூலகங்களில் உட்கார்ந்து நானாகப் படித்தபோது தெரிந்தது: அன்று மாலை அந்த மேடையில் நடந்தவற்றில் சரித்திரத்துக்கு மிக உண்மையாக இருந்தது டீச்சர் என்னை இழுத்துப் போன அந்தக் காட்சிதான். யாருடைய இறகைக் கடன் வாங்கிக் கப்பலேறினார்களோ, அவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. கறுப்பு மனிதர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள் அங்கே கையெழுத்துப் போட்டார்கள். பெண் என்று ஒருத்தி இல்லை. கேட்காமல் சட்டம் போட்டான் என்று ஒரு ராஜாவை விரட்டியவர்களின் பிள்ளைகள், பிற்பாடு தாங்களே ஒரு சட்டம் போட்டு, அந்தப் பூர்வகுடிகளைப் பெரிய ஆற்றுக்கு அந்தப்பக்கம் நடக்க வைத்தார்கள். கிழவர்கள், குழந்தைகள், குளிர். வழியெல்லாம் பிணம். இதை எங்கள் டீச்சர் கரும்பலகையில் தட்டவில்லை. என் மகளின் புத்தகத்திலும் தேயிலை வரை வண்ணப்படம் இருக்கிறது, அதற்குப் பிறகு விடுதலை, அதற்குப் பிறகு பயிற்சி வினாக்கள். யாரைக் கேட்டு எழுதுகிறார்கள் இவற்றை? வயிறு எரிகிறது.

அன்றைக்கு எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை. அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். அவ்வளவு பெரிய மேசையில், நடுவில். ஈரப்புடவையைப் பிழிவதைப் போல அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக நடந்தாள். கோபம் போலும் என்று நினைத்தேன்.

குழாயடியில் மாமா காத்திருந்தார்.

"வெச்சிட்டியாக்கா?"

"மத்தியானம் புடிச்சி அந்த நம்பர் எழுதுனவனுங்க கியூவுல நின்னேன்டா. எல்லாரும் வெச்சாங்க. கைநாட்டு வெக்கலன்னா அங்கயும் வூடு இல்ல, இங்கயும் இல்லன்னுட்டான்."

"எந்த எடம், எத்தினியாவது மாடி, பாப்பா இஸ்கோலுக்கு இன்னா வழி, கேட்டியா?"

"கேக்கற எடமாடா அது? பேப்பர நீட்டுனான். வெரல புடிச்சான்."

மாமா காலியாக இருந்த குடத்தை எட்டி உதைத்துவிட்டுப் போனார். அம்மா என்னைக் குழாய்க்குக் கீழே உட்கார வைத்துத் தேங்காய் நாரால் முகத்தைத் தேய்த்தாள். கரி போயிற்று. அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய இடது கட்டைவிரலில் ஊதா மை, ரேகைக்குள் இறங்கியிருந்தது. அம்மாவுக்குக் கூட அழுக்கை ஒழுங்காகத் தேய்க்கத் தெரியவில்லையே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. சோப்பை வாங்கி நானே தேய்த்தேன். மேசையில் நான் என்ன பேசினேன், எவன் திருதிருவென்று முழித்தான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, தேய்த்தேன்.

அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.