வென்ற நாளில் அழுத சம்மாட்டியார்

ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டானைக் கண்டால் மற்றவர்களுக்கு அதைக் கடித்துக்கொண்டு குடித்த வெறுந்தேத்தண்ணீர் ஞாபகம் வரும். எனக்கோ கல்லுக்கிடங்கின் பச்சைத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். போன கிழமை மகள் இங்குள்ள தமிழ்க் கடையில் ஒரு குட்டான் வாங்கி வந்தாள். அன்று காலையில்தான் நான் இந்தக் குளிர் நாட்டின் நீச்சல் தடாகத்தில், வயது போனவர்களுக்கான போட்டியில் கடைசியாக வந்து, எல்லாரும் எழும்பி நின்று கைதட்ட, வெட்கப்பட்டுக்கொண்டு வீடு திரும்பியிருந்தேன். இங்கே கடைசியாக வருகிறவனுக்கும் கைதட்டுகிறார்கள். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கைதட்டியே ஒரு மனிதனைச் சாகடிக்கவும் முடியும் என்பது இவர்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் அப்போது தெரியாமல்தான் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகான யுத்த காலம் அது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நான் மனேச்சர். கடையில் மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, சீனி இல்லை. மனேச்சருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வயிறு முன்னே தள்ளி வண்டி வைத்திருந்தது. அதைக் கரைக்கச் சொல்லி என்னைத் தண்ணீருக்குள் இழுத்து விட்டவர் ஓவசியர். ரோட்டுக் கந்தோரில் வீதி வேலைகளை மேற்பார்வை பார்த்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன் கொழும்பில் இருந்தபோது பெரியவர்களுக்கான நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டவர். எல்லாவற்றையும் அங்கே விட்டுவிட்டு ஓடி வந்தபோது, சாவி கொடுத்து ஓட விடுகிற போட்டி மணிக்கூடு ஒன்றை மட்டும் காற்சட்டைப் பைக்குள் கொண்டு வந்திருந்தார். பற்றறிக்குத் தடை இருந்த அந்த நாட்களில் ஊரிலே ஒழுங்காக ஓடிய ஒன்றிரண்டு சாமான்களில் அதுவும் ஒன்று.

சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பெருங்கிடங்கில் மாரித் தண்ணீர் நிரம்பி, வருசம் முழுவதும் வற்றாமல் கிடந்தது. பின்னேரங்களில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். எல்லாரும் பிள்ளை குட்டிக்காரர். ஓவசியருக்கு ஒரேயொரு சட்டம்: "மற்றவனை வெல்லுறதை விடு. நேற்று நீந்தின உன்னை இண்டைக்கு நீ வெல்லு, அது காணும்." அப்படித் தன்னைத்தானே வென்றவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கிடங்கைச் சுற்றி வருவோம். வாய்க்குள் ஒரு பனங்கட்டியைத் திணிப்போம். நீந்துகிறவனுக்குக் கரையில் நின்று "விடாதை, இழு, இழு!" என்று தொண்டை கிழியக் கத்துவோம். பொம்மர் சுற்றிக் குண்டு போட்டுவிட்டுப் போன நாட்களில்கூட, வீட்டில் அழுது முடிந்ததும் கிடங்கடிக்கு வந்துவிடுவோம். அந்த ஒரு மணித்தியாலம் இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேருக்கு விசர் பிடித்திருக்கும்.

சம்மாட்டியாரை நான் முதலில் கண்டது சங்கக்கடை வாசலில், நிவாரண வரிசையில். குருநகர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, மனைவியோடு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். சொந்தமாக வள்ளங்களும் வலைகளும் வைத்து ஆட்களுக்கு வேலை கொடுத்த மனிதர். இப்போது எங்கள் ஊர் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குக் கொத்திக்கொண்டிருந்தார். கடற்கரை ஆள் என்று தெரிந்தால் ஓவசியர் விடுவாரா? மறுநாளே கிடங்கடிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சம்மாட்டியார் உடனே தண்ணீருக்குள் இறங்கவில்லை. கரையை ஒரு சுற்று நடந்தார். ஒரு பூவரசின் கீழ் நின்று, எதிர்க்கரையில் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் கல்லைக் கனநேரம் பார்த்தார். "உந்தத் தூரம் சரியா இருக்கும்" என்றார். எதற்குச் சரி என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும் நேராக நீந்த, அவர் மட்டும் பூவரசிலிருந்து வெள்ளைக் கல்லுக்குக் கோணலாக நீந்துவார். மணிக்கூட்டைப் பற்றி ஒரு நாளும் கேட்கமாட்டார். தலையை உயர்த்திப் பிடித்து, கல்லில் வைத்த கண்ணை எடுக்காமல், எதையோ முணுமுணுத்துக்கொண்டு போவார். முதல் மாதம் அவருக்குச் சரிவரவில்லை. நல்ல தண்ணீர் அவருடைய உடம்புக்குப் பிடிபடவில்லை. கால் தாழ்ந்து தாழ்ந்து போனது. நாங்கள் விடுவோமா? "சம்மாட்டியார், நேற்றையிலும் பார்க்க இண்டைக்கு நல்லம்" என்று ஒருவர், "கையைக் கொஞ்சம் நீட்டிப் போடுங்கோ" என்று இன்னொருவர். மனிதர் முன்னேறத் தொடங்கினார். முன்னேறிய ஒவ்வொரு நாளும் தோளில் தூக்கினோம், பனங்கட்டி கொடுத்தோம். அவர் அதைச் சாப்பிடாமல் சாறத்தின் மடியில் செருகிக்கொண்டு பேசாமல் போய்விடுவார். கூச்சம் என்று நினைத்தோம். ஒருநாள் ஓவசியர் உற்சாகத்தில், "கடல் தண்ணி ஆளைத் தூக்கிக் குடுக்கும். நல்ல தண்ணியிலையே இந்தப் போக்குப் போறியள், கடலிலை எண்டால் பறப்பியள்" என்றார். சம்மாட்டியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு நாள் கிடங்கடிக்கு வரவில்லை.

சித்திரை வருசப்பிறப்புக்கு அயலூர்க்காரர் எங்களோடு போட்டிக்கு வந்தார்கள். கலியாணம் முடித்தவர்களுக்கான நீச்சல். சம்மாட்டியாருக்காக ஓவசியர் சண்டை பிடித்து, பூவரசையும் வெள்ளைக் கல்லையுமே எல்லையாக வைத்துவிட்டார். ஊரே கரையில் நின்றது. மற்றவர்கள் பாதி வழியில் திணறிக்கொண்டிருக்க, சம்மாட்டியார் கல்லைத் தொட்டுவிட்டார். நாங்கள் தண்ணீருக்குள் பாய்ந்து, அவரை அப்படியே தோளில் தூக்கினோம். "இறக்குங்கோ" என்று கத்தினார். நாங்கள் கேட்கவில்லை. ஆரவாரத்தில் யாருக்குத்தான் கேட்கும்? நான்தான் பனங்கட்டியை அவருடைய வாய்க்குள் வைத்தேன். அவர் அதைத் துப்பிவிட்டு, என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, "எட்டியிருக்கலாம், ஐயோ, எட்டியிருக்கலாம்" என்று குழறிக் குழறி அழுதார். வென்ற சந்தோசத்தில் அழுகிறார் என்று சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

மறுநாள் காலையில் நான் சங்கக்கடைக் கதவைத் திறக்க முன்னமே அவருடைய மனைவி வாசலில் நின்றாள். ஓவசியரும் அந்த நேரம் அங்கே வந்திருந்தார். அந்த மனுசி சத்தம் போட்டுக் கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நீங்கள் எல்லாரும் படிச்ச ஆக்கள்தானே? ஏன் என்ரை மனிசனை இப்பிடிக் கொல்லுறியள்? தோத்துப் போட்டு வாற அண்டைக்கு ஒரு கண் நித்திரையாவது கொள்ளுவார். வெண்டு போட்டு வாற அண்டைக்கு விடிய விடியச் சுவரிலை தலையை மோதிக்கொண்டிருக்கிறார். ராத்திரிக் கிணத்தடிக்குப் போனவரைக் காலைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனான். இனி என்னாலை ஏலாது."

பிறகு தொப்பென்று தரையில் இருந்துவிட்டாள். அப்படி இருந்தபடிதான் சொன்னாள். அவர்களுக்கு ஒரே மகன். ஒரு விடியற்காலை தகப்பனும் மகனும் வலை இழுத்துவிட்டுத் திரும்பும்போது கடலில் நேவியின் துவக்குச் சூடு விழுந்து, வள்ளம் உடைந்து, இருவரும் வேறு வேறு பக்கம் எறியப்பட்டிருக்கிறார்கள். பொடியனுக்குத் தோளில் காயம். ஒற்றைக் கையால் மிதந்துகொண்டு "அப்பு, அப்பு" என்று கூப்பிட்டிருக்கிறான். தகப்பன் "அருள் நிறைந்த மரியே" செபத்தைச் சொல்லிக்கொண்டு அவனை நோக்கி நீந்தியிருக்கிறார். இரண்டாவது தரம் செபம் முடியும்போது பொடியனின் தலை தாழ்ந்தது. பிறகு வெளியே வரவேயில்லை. இடையில் இருந்த தூரம், பூவரசுக்கும் வெள்ளைக் கல்லுக்கும் இடையில் உள்ள தூரம்.

"நேற்று இரண்டாவது செபம் முடிய முந்திக் கல்லைத் தொட்டிட்டாராம்" என்றாள். "தொட்டிருக்கலாம், விட்டிட்டன் எண்டு சொல்லிச் சொல்லி அழுகிறார்."

எத்தனை தரம் அந்த மனிதரைத் தோளில் தூக்கியிருப்போம். ஒவ்வொரு தரமும், உன் பிள்ளையை நீ காப்பாற்றியிருக்கலாம் என்று அவருடைய காதுக்குள் கத்தியிருக்கிறோம். ஓவசியர் அவளுக்கு முன்னால் குந்தினார். "மகன் போன அண்டைக்கு அவர் என்ன உடுப்போடை நிண்டவர்?" என்று மட்டும் கேட்டார்.

"சாறமும் சேட்டும். மூண்டு நாள் காய்ச்சலிலை கிடந்து எழும்பிப் போனவர். விடிய விடிய வலை இழுத்த உடம்பு."

"அப்ப அக்கா, அண்டையைப் போலக் களைச்ச அந்த உடம்போடை இன்னொருக்கா நீந்தட்டும். அப்பதான் நியாயம்" என்றார் ஓவசியர்.

சம்மாட்டியார் முதலில் மாட்டேன் என்றார். மனைவி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கெஞ்சிய பிறகுதான் சம்மதித்தார். ஒரு முழு நாள் வெங்காயத் தோட்டத்தில் கொத்தினார். மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் மண் பிரண்ட சாறத்தோடும் சேட்டோடும் பூவரசடிக்கு வந்தார். அவர் தாழ்ந்தால் பிடிப்பதற்கு ஓவசியர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தண்ணீருக்குள் நின்றோம். கல்லடிக் கரையில் முழங்காலில் நின்ற மனைவி, அன்றைக்குச் சொன்ன கதி என்று அவர் சொல்லிக் காட்டிய அதே கதியில் செபத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்க, அவர் குதித்தார்.

அவர் வேண்டுமென்று மெல்ல நீந்தினார் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் பக்கத்தில் போனவன், அவருடைய கண்ணைக் கண்டவன். மகன் அங்கே இன்னும் மிதக்கிறான் என்றே நம்பி நீந்தினார். சாறம் காலைச் சுற்றியது. சேட்டுக் கை தண்ணீரை அள்ளி அள்ளிப் பாரமாகியது. முதலாவது செபம் முடிந்தபோது பூவரசின் நிழலைக்கூட அவர் தாண்டவில்லை. இரண்டாவது முடிந்தபோது பாதித் தூரம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் அவள் குரல் உடைந்தது. உடைந்தபடியே மூன்றாவதைத் தொடங்கினாள். அவர் இரண்டு முறை தாழ்ந்து தண்ணீர் குடித்தார். பிடிக்கப் போன என்னை உதைத்துத் தள்ளினார். கரையில் நின்ற எங்கள் ஆட்களில் ஒருவரும் "இழு" என்று கத்தவில்லை.

ஒருவழியாகக் கல்லைப் பிடித்தார். மூச்சு வாங்கக் கல்லில் நெற்றியை வைத்தபடி கேட்டார்.

"எத்தினையாவது?"

"அஞ்சாவது" என்றாள் மனைவி. "பாதியிலை நிக்கிறன்."

"அஞ்சாவதோ?"

"ஓம். ஆண்டவர் மேலை ஆணை, அஞ்சாவது."

"அப்ப எட்டியிருக்கேலாது."

"ஏலாது அப்பா."

அவர் ஓவசியர் பக்கம் திரும்பினார். "உம்மாலை?"

"என்னாலையும் ஏலாது சம்மாட்டியார். ஒருத்தராலையும் ஏலாது" என்றார் ஓவசியர்.

சம்மாட்டியார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நாங்கள் கேட்காமலே, சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் எங்களை நோக்கி நீட்டினார். அவ்வளவு பிந்தி வந்த அந்த மனிதரைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தோளில் தூக்கிக்கொண்டு, அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் கிடங்கைச் சுற்றி ஓடினோம். அவருடைய மனைவி மட்டும் எங்களோடு வரவில்லை. பாதியில் நின்ற அந்த ஐந்தாவது செபத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் முழங்காலிலிருந்து எழும்பினாள்.