எண்ணிக்கை சரியாக இருந்த நாள்

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை காணாமல் போனால் பத்து நிமிடத்தில் அதன் படம் எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. நான் காணாமல் போனபோது எனக்கென்று ஒரு படம்கூடக் கிடையாது. ஐந்து வயது, மஞ்சள் பாவாடை, சந்தனம் பூசிய மொட்டைத் தலை. தைப்பூசத்தன்று ஈப்போவில் இந்த அடையாளத்துக்குப் பொருந்தும் பெண்பிள்ளைகள் லாரி லாரியாகக் கிடைப்பார்கள்.

பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து கிளம்பிய எங்கள் லாரிக்கு அம்மாவின் தம்பியான மாமாதான் பொறுப்பு. போகும்போது பதினேழு பிள்ளைகள். மதியம் திரும்பும்போதும் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினேழு. காவல்துறை அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பதினேழில் ஒன்று வேறு தோட்டத்து மொட்டை என்பதைத் தவிர.

நான் அப்போது வளையல் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அன்று என் குட்டித் தம்பியின் வாந்தியைச் சமாளிப்பதே வேலை. லாரியின் பின்பக்கத்திலிருந்து கத்தினாராம்: “அண்ணி, புள்ள அங்கதானே இருக்கு?”

அப்பாவின் அக்காவான என் அத்தை முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிள்ளை, வெயில் படாமல் அதன் முகத்தில் துண்டு.

“என் மடியிலதான் தூங்குது. நீ அவன பாரு.”

அத்தைக்குப் பிள்ளை இல்லை என்று சொல்வது தவறு. நான் பிறக்கும் முன்பு, இதே தைப்பூசக் கூட்டத்தில் அவருடைய ஐந்து வயது மகள் காணாமல் போனாள். கிடைக்கவே இல்லை. பின்னாளில் அந்தக் கோப்பு என் அலமாரிக்கே வந்தது. ஆண்டுக்கொரு முறை எடுத்து, ‘புதிய தகவல் இல்லை’ என்று எழுதித் திரும்ப வைப்பேன். கிடைக்காத பிள்ளையின் கோப்பை மூடக்கூடாது. சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அது மட்டும் என் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதற்குக் கொடுக்கவில்லை.

என்னைக் கண்டெடுத்த தமிழ்ப் போலீஸ்காரர் காவல்துறைக் கூடாரத்தில் உட்காரவைத்து, சிவப்புச் சர்பத் வாங்கிக்கொடுத்து விசாரணையைத் தொடங்கினார்.

“ஒங்கப்பா பேரு என்னா?”

“சொல்லக்கூடாது.”

“யாரு சொன்னா?”

“அம்மாவே சொல்ல மாட்டாங்க.”

“நல்ல குடும்பம் லா! சரி, எந்த தோட்டம்?”

“கோயில் இருக்கும். புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டாய் இருக்கும். ஒரு கறுப்பு நாய் இருக்கும்.”

பேராக் மாநிலத்தில் இருந்த அத்தனை தோட்டங்களுக்கும் பொருந்தும் வாக்குமூலம். அவர் அதையும் எழுதிக்கொண்டார். நான் இரண்டாவது சர்பத் கேட்டேன்.

அப்போது ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் அழுதுகொண்டே கூடாரத்துக்குள் ஓடிவந்து, “என் ராசாத்தி!” என்று என்னை வாரி எடுத்தார். முகத்தைத் திருப்பிப் பார்த்தார். “ஐயோ, இது வேற மொட்டைங்க!” என்றார். ஆனாலும் இறக்கிவிடவில்லை. என்னை இடுப்பில் வைத்தபடியே அழுதார். அழுதபடியே எனக்கு லட்டு ஊட்டினார். நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

எங்கள் தோட்டத்தில், அத்தையின் மடியிலிருந்து தூக்குவதற்காக அம்மா துண்டை விலக்கியதும் அந்த மொட்டை கண்விழித்து, “நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்டதாம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே கூடிவிட்டது.

“எண்ணிக்கை சரியா இருந்துச்சுக்கா!” என்றார் மாமா.

“நான் எண்ணிக்கையவா பெத்தேன்?” என்றார் அம்மா.

தோட்டத்துக் கணக்கரான கிராணியாரிடம் கெஞ்சி, அவருடைய காரில் அம்மாவும் மாமாவும் அத்தையும் சாயங்காலத்துக்குள் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளை அப்போதும் அத்தையின் மடியில்தான். அம்மா என்னை ஓங்கி அறைந்தார். உடனே கட்டிப்பிடித்து முத்தமிட்டார். போலீஸ்காரர் மாமாவிடம், “இப்ப எண்ணுங்கண்ணே, ரெண்டுதான்,” என்றார். கூடாரமே சிரித்தது. ஆயர் தாவார்க்காரர்கள் மீதி லட்டுவை எல்லாருக்கும் கொடுத்தார்கள். அந்தப் பெண் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மகள் திரும்பியே பார்க்கவில்லை.

மாமா, அம்மா, நான் என்று எல்லாரையும் அன்று விசாரித்தார்கள். அத்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை. தினமும் என்னைக் குளிப்பாட்டியவர் அவர். அன்று காலை என் தலையில் சந்தனம் பூசியதும் அவர்தான். லாரி தோட்டத்துக்குப் போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல். துண்டு ஒரு தடவைகூடவா விலகியிருக்காது? அனுபவமுள்ள எந்த அதிகாரியும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு அதைக் கேட்கும் தகுதி வந்தபோது, கேட்கும் மனம் இல்லை.

திரும்பும் வழியில் நான் அத்தையின் மடியில் ஏறிக்கொண்டேன். என் மொட்டைத் தலையில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது. நான் கிடைத்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்து, பெருமையோடு அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

“அழாதீங்க அத்தை. நான்தான் வந்துட்டேனே.”