தள்ளுபடியாரின் நாற்பத்தாறு உருப்படிகள்

தள்ளுபடியாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மனைவியின் தங்கை கேலியாகச் சூட்டிய இந்தப் பட்டம் அக்கம்பக்கத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு, சொந்தப் பெயரை அவரே சம்பளச் சீட்டில்தான் பார்க்கிறார். குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதும் வேலை. நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடப்பதால், எந்த இரும்புக்கடை வாசலில் எந்தப் பெட்டியில் என்ன குவித்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. 'பாதி விலை' என்று அட்டை தொங்கினால் போதும், கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

அப்படி வாங்கிச் சேர்த்ததெல்லாம் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் இருக்கிறது. வாய் முழுசாக மூடாத குறடு. மூன்றாவது திருகிலேயே முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர். இழுத்தால் சமர்த்தாக வெளியே வந்துவிட்டு, உள்ளே திரும்பிப் போக மனசில்லாமல் தொங்கும் அளவு டேப். நியாயமாகச் சொல்வதென்றால், பதினொரு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் அடிக்கும் சுத்தியல் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. யாராவது தள்ளுபடிச் சாமானைப் பழித்தால் அவர் அந்தச் சுத்தியலைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்.

"மெக்கானிக் தினம் நூறு போல்ட் கழட்டுறான், அவனுக்கு ஒஸ்தியா வேணும். நான் மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நாலு போல்ட் கழட்டுறேன். எனக்கெதுக்கு ஆனை விலை குதிரை விலையில ஸ்பேனர்?" என்பார். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அவரை மடக்கக்கூடிய ஒரே ஆள் அவர் மனைவி. முப்பது வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், தெருவுக்கே சிஸ்டரம்மா. அவர் வேலையில் பாதி எண்ணுவதுதான். டாக்டர் அறுப்பதற்கு முன்னால் கத்தி, கத்தரி, இடுக்கி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணுவார். தைப்பதற்கு முன்னால் மறுபடியும் எண்ணுவார். "எண்ணிக்கை சரி" என்று அவர் வாயால் சொல்லும்வரை எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் ஊசியைக் கையில் எடுக்க முடியாது.

தள்ளுபடியார் ஒரு சாக்கெட் செட் வாங்கி வந்த அன்றைக்கு இந்தச் சட்டம் கார் ஷெட்டுக்கும் வந்தது. சாக்கெட் என்பது போல்ட்டின் தலையில் தொப்பி மாதிரி உட்காரும் இரும்புக் குப்பி. அதை ராட்செட் என்ற கைப்பிடியின் முனையில் மாட்டித் திருக வேண்டும். டப்பாவின் மேல் நாற்பத்தெட்டு உருப்படி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. சிஸ்டரம்மா எண்ணிப் பார்த்தார். நாற்பத்தாறுதான்.

"மிச்சம் ரெண்டு எங்க?"

"அதான் தள்ளுபடி," என்றார் அவர், கூச்சமே இல்லாமல்.

சிஸ்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு சீட்டில் 46 என்று எழுதி மூடிமேல் ஒட்டினார். இனி காரில் கை வைக்குமுன் ஒரு எண்ணிக்கை, பானெட்டை மூடுமுன் ஒரு எண்ணிக்கை. என்றைக்காவது ஒன்று குறைந்தால் சுத்தியல் உட்பட மொத்தமும் பழைய இரும்புக்குப் போய்விடும். தள்ளுபடியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதால் அதே செட் இன்னும் இரண்டு, பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் மகள் புது வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்பினாள். நாலு மணி நேரப் பயணம். அவளே காரை ஓட்டிக்கொண்டு தனியாகப் போகிறாள். அங்கே பார்த்திருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஒரு மணிக்குள் வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தபோது இன்ஜின் பெல்ட் கீச்சென்று கத்தியது.

"ஒண்ணுமில்ல, பெல்ட் தொளதொளத்துப் போச்சு. அரை மணியில இறுக்கிடறேன்," என்று தள்ளுபடியார் சட்டைக் கையை மடித்துவிட்டார். சிஸ்டரம்மா வந்து முதல் எண்ணிக்கையை முடித்துவிட்டுப் பைகளைக் கட்டப் போனார்.

பெல்ட்டை இறுக்கியும்விட்டார், அதில் குறை சொல்ல முடியாது. கடைசி போல்ட்டிலிருந்து ராட்செட்டை வெளியே எடுத்தபோதுதான் அதன் முனை மொட்டையாக இருப்பதைப் பார்த்தார். சாக்கெட் நழுவாமல் பிடித்துக்கொள்வதற்கு அந்த முனையில் கடுகளவு உருண்டை ஒன்று துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். நல்ல ராட்செட்டில் அது விறைப்பாக நிற்கும். இவருடையது எப்போதோ உள்ளே போய்ப் படுத்துவிட்டது. பன்னிரண்டாம் நம்பர் சாக்கெட் எங்கோ விழுந்திருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தார். காருக்கடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். கம்பியை விட்டுத் துழாவினார். கால் மணி நேரம் போயிற்று. உள்ளிருந்து மகள், "அப்பா, முடிஞ்சுதா? நேரமாகுது!" என்று குரல் கொடுத்தாள். "இதோ, எண்ணிட்டா முடிஞ்சுது," என்று சிஸ்டரம்மா பதில் சொல்வதும் கேட்டது.

அடுத்த நிமிஷம் தள்ளுபடியார் செய்த காரியத்தை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டார். ஒளித்து வைத்த செட்டிலிருந்து ஒரு பன்னிரண்டாம் நம்பரை உருவினார். அதன்மேல் கறுத்த எண்ணெயைத் தடவிப் பழசாக்கினார். காலியாக இருந்த குழியில் வைத்தார். விழுந்தது சாக்கடைப் பக்கம் உருண்டு போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிப் பார்த்ததில் ஓரளவு நம்பும்படியாகவே இருந்தது.

சிஸ்டரம்மா வந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். "நாப்பத்தி நாலு, நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு. எண்ணிக்கை சரி. மூடுங்க."

மூடினார். பைகள் ஏறின, தலையணை ஏறியது, பாத்திர மூட்டை ஏறியது. மகள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "நடுவழியில மக்கர் பண்ணாதுல்ல?" என்று கேட்டாள். வண்டியைப் பழுது பார்த்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, கேள்வி அம்மாவிடம் போயிற்று.

"பயப்படாமப் போ. நான் எண்ணிட்டேன்," என்றார் சிஸ்டரம்மா.

கார் நகர்ந்தது, கீச்சுச் சத்தம் இல்லை. ஆனால் அந்தச் சாக்கெட் பெல்ட்டுக்குப் பக்கத்தில் எங்காவது தங்கியிருந்து, ஒரு பள்ளத்தில் குலுங்கி, ஓடுகிற பெல்ட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று தள்ளுபடியாருக்கு நன்றாகத் தெரியும். பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். நெடுஞ்சாலை நெடுக லாரிகள். உள்ளே தனியாக மகள்.

தள்ளுபடியார் ஓடினார். இருபத்தாறு வருஷம் நடந்தே பிழைத்த மனிதர் அன்றைக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு வாசலில் கழன்றது, இன்னொன்று எதிர்வீட்டுக்கு முன்னால் கழன்றது. தெருமுனையில் திரும்புவதற்காக வேகம் குறைத்த காருக்கு முன்னால் போய், பானெட்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"வண்டிய அணைச்சிடும்மா," என்றார் மூச்சிரைக்க. "எண்ணிக்கை தப்பு."

பதறிப்போய்ப் பின்னாலேயே வந்த சிஸ்டரம்மா, "நான் எண்ணினேனே!" என்றார்.

"நீ எண்ணினது சரிதான். நான் வெச்சதுதான் தப்பு." ராட்செட்டின் மொட்டை முனை, விழுந்த சாக்கெட், பெயிண்ட் டப்பா, ஒளித்து வைத்த செட், தடவிய எண்ணெய் எல்லாவற்றையும் நடுத்தெருவில் நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

சிஸ்டரம்மா பானெட்டைத் திறக்கச் சொன்னார். வளையலைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். "கடைசியா உங்க கை எங்க இருந்துச்சு?" என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் தன் ஒல்லியான கையை முழங்கை வரைக்கும் விட்டார். தள்ளுபடியாரின் தடித்த கை நுழையாத இடுக்கு அது. கொஞ்ச நேரம் துழாவிவிட்டு வெளியே எடுத்தபோது விரல்களுக்கு நடுவில் சாக்கெட் இருந்தது.

"பெல்ட் ஓடுற சக்கரத்துக்கு ரெண்டு விரக்கடை தள்ளி, விளிம்புல உக்காந்திருக்கு," என்றார். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. "முப்பது வருஷத்துல என் தட்டுல ஒருத்தர்கூட ஒரு கத்தரிய மாத்தி வெச்சதில்லைங்க."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தள்ளுபடியாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுடறேன். அந்தச் சுத்தியலயும்," என்றார் தள்ளுபடியார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, சுத்தியலுக்காக இல்லை.

மகள் நடுவில் புகுந்தாள். "சாக்கெட்டெல்லாம் நல்லாத்தாம்பா இருக்கு. அந்தக் கைப்பிடி ஒண்ணுதான் ஓட்டை. அத மட்டும் காசு போட்டு நல்லதா வாங்கிடுங்க, போதும்."

"சாமான்மேல எனக்கென்ன கோபம்?" என்ற சிஸ்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "போய் அந்த டப்பாவ எடுத்துட்டு வாங்க."

வெறுங்காலோடு போய் எடுத்து வந்து நீட்டினார். சிஸ்டரம்மா வாங்கிக்கொள்ளவில்லை. சாக்கெட்டை மட்டும் அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க எண்ணுங்க."

"நானா?"

"இனிமே நீங்கதான் எண்ணணும். நீங்க சொன்னா நான் மூடுறேன்."

தள்ளுபடியார் தெரு ஓரத்தில் மண்டியிட்டார். போலியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, விழுந்ததை அதன் குழியில் வைத்தார். நாளெல்லாம் எண்களைப் படிக்கிறவருக்கு முப்பதுக்குப் பக்கத்தில் நாக்குக் குழறியது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். மகள் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"நாப்பத்தாறு," என்றார் கடைசியில். "எண்ணிக்கை சரி."

சிஸ்டரம்மா டப்பாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பானெட்டில் கை வைத்தார்.

"இரு, இரு," என்று அவசரமாகத் தடுத்தார் தள்ளுபடியார். "இன்னொரு தரம் எண்ணிடறேன்."