அண்ணன் மறைவுக்கு அந்தக் கார் காரணமில்லை

“அண்ணனைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், யார் மனசும் புண்படாம இருக்கட்டும்” என்றார், முதல் வருட நினைவு நாளுக்கு மலர் அச்சடித்துத் தரும் அச்சகத்துக்காரர். மாதிரிக்கு வேறு வீடுகளின் நினைவு மலர்களையும் எடுத்துக் காட்டினார். அவற்றில் போனவர்கள் எல்லாரும் அன்பே உருவானவர்கள், இருப்பவர்கள் எல்லாரும் கண்ணீர்க் கடலில் இருப்பவர்கள். எங்கள் அண்ணனும் அன்பானவர்தான். ஆனால் அதை மட்டும் எழுதிவிட்டுச் சும்மா உட்கார எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் போனதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பொய் குடியிருக்கிறது. அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கு ஒரு வருடமாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

முறைப்படி பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணன் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில், எங்கள் பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தார். நான் ஒரே தங்கை. அவர் பி.காம். முடித்த வருடம் அப்பா காலமானார். மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையை மடித்து வைத்துவிட்டு, காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கடைசி நாள் வரைக்கும் அதே அலுவலகம்தான். என்னை பி.எட். படிக்க வைத்து ஆசிரியை ஆக்கியவர் அவர். சேலையூரில் சொந்த வீடு கட்டினார். மகளைப் படிக்க வைத்துக் கோவையில் நல்ல இடத்தில் கொடுத்தார். யாரிடமும் குரலை உயர்த்த அவருக்குத் தெரியாது. அது பெரிய குணம் என்று இன்று வருகிற அத்தனை பேரும் சொல்வீர்கள். அந்தக் குணத்தை வைத்து அவரை ஏய்த்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. வாங்கும்போதே இரண்டாம் கை. உறவுக்காரர்கள் விசேஷ வீடுகளில் அதைத் தள்ளி நிறுத்தச் சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு ஓரமாக நிறுத்துவார். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோதுதான் அந்தக் காருக்கு உண்மையான வேலை வந்தது. முதுகெலும்பில் விரிசல். படுக்கையிலிருந்து எழுந்த பிறகு, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு வாரம் இருமுறை அழைத்துவரச் சொன்னார் டாக்டர். விடாமல் போனால் நடப்பார், விட்டால் படுக்கைதான் என்று நேராகவே சொல்லிவிட்டார். அண்ணன் அலுவலகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து அம்மாவைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைப்பார். கேம்ப் ரோடு வரைக்கும் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா “ஐயோ முருகா” என்று கத்துவார். திரும்பி வரும்போது கத்தக்கூடத் தெம்பு இருக்காது, கண்ணீர் மட்டும் வழியும்.

பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன என்று அண்ணனுக்குப் புரிந்தது. பள்ளத்தில் சக்கரம் விழும்போது அந்த அடியை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டிய குழாய்கள் அவை. அவை செத்துப்போனதால் அடியெல்லாம் அம்மாவின் முதுகுக்கு வந்தது. வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மறுநாள் பளபளவென்று கறுப்பாக இரண்டு குழாய்களைக் காட்டி, புதுசு மாட்டியாயிற்று என்று அனுப்பி வைத்தார்கள். அடுத்த நடையிலும் அம்மா அதே மாதிரி கத்தினார். அண்ணன் வீட்டுக்கு வந்து, வண்டியின் பின்பக்க மூலையைக் கையால் அமுக்கிவிட்டுப் பார்த்தார். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் குழாயைத் துடைத்தார். பெயிண்ட் துணியோடு வந்துவிட்டது. அடியில் அதே பழைய துரு, அதே எண்ணெய்க் கசிவு.

கேட்கப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அந்த மெக்கானிக் கொஞ்சமும் கூசவில்லை.

“இன்னா சார், பழைய வண்டி. இதுக்கு மேல இன்னா பண்றது? ரோடு அப்டி கீது. வண்டிய குடுத்துட்டு வேற எடு சார்.”

“எங்க அம்மாவுக்கு முதுகு சரியில்லப்பா” என்றார் அண்ணன், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி.

நான்தான் அங்கே நின்று கத்தினேன். “பெயிண்ட் அடிச்சு ஏமாத்திட்டு ரோட்டு மேல பழி போடுறியா?” என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறான்.

அதே வாரம் நாவலூரில் இருக்கும் எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த தம்பிக்கு, அண்ணன் போன் செய்தார். மாமாவிடம் பெரிய கார் இருக்கிறது, அதில் ஏறினால் குலுங்குவதே தெரியாது. கொஞ்ச நாளைக்கு மட்டும், வண்டி சரியாகும் வரை, அம்மாவைக் கொண்டுபோய்விட முடியுமா என்று கேட்டார். ஸ்பீக்கரில் மாமாவின் பதில் எனக்கும் கேட்டது. “ஏம்பா, ஆம்புலன்ஸ் புக் பண்ணிக்கலாமே? இப்பல்லாம் ஆப்லயே வருது.” அண்ணன் சரி மாமா என்று வைத்துவிட்டார். பெற்ற தாய்க்குச் சமமான அக்கா, ஐயா! இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, செய்தவருக்கு இருந்ததா தெரியவில்லை.

பிறகு அண்ணன் தானே தாம்பரத்துக்குப் போய்ப் புது ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி வாங்கி வந்தார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி கோணலாக ஓடும், மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வேலை ஆரம்பித்தது. எதிர்வீட்டு டேவிட் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். முன் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் கனமான மரக்கட்டைகளையும் அண்டக் கொடுத்த பிறகுதான் அண்ணன் கையை உள்ளே விட்டார். காருக்கு அடியில் அவர் படுக்கவே இல்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் செய்தார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் நட்டு சொன்னபடி கேட்டது. கீழே இருந்த போல்ட் துருப்பிடித்து, அசைவேனா என்றது. முந்தின நாளே எண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் பயனில்லை.

“சார், டார்ச்ச என் மூஞ்சில அடிக்காதீங்க, போல்ட்ல அடிங்க.”

“நீங்க மூஞ்சிய அங்க வச்சிருந்தா நான் எங்க அடிக்கிறது?”

இரண்டு பேரும் சின்னப் பையன்கள் மாதிரி சண்டை போட்டுக்கொண்டே ஸ்பேனருக்கு ஒரு இரும்புக் குழாயை மாட்டி நீட்டி, திருப்பினார்கள். போல்ட் ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தபோது டேவிட் சார் பின்னால் சாய்ந்து கோலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. புதுசை மாட்டி, கீழ்ப் போல்ட்டை உடனே முழுதாக இறுக்காமல் விட்டார். சக்கரத்தைப் போட்டு வண்டியைத் தரையில் இறக்கி, அது தன் பாரத்தைத் தானே தாங்கி நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கினார். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். மறுபக்கமும் அப்படியே. பிறகு மூலையை அமுக்கிப் பார்த்தார். ஒரே ஒரு முறை எழும்பி, வண்டி அப்படியே நின்றது.

உள்ளே படுத்திருந்த அம்மா “அங்க என்னடா சத்தம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “சைலன்சர் கழண்டுடுச்சும்மா” என்றார் அண்ணன். என்னிடம் ரகசியமாக, “அம்மாகிட்ட சொல்லிடாத. தனக்காகத்தான் பண்ணேன்னு தெரிஞ்சா, நான் எல்லாருக்கும் பாரம்னு ஆரம்பிச்சிடுவா. அப்புறம் வண்டிலயே ஏற மாட்டா” என்றார்.

அடுத்த நடைக்கு நானும் பின் சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து போனேன். அதே பள்ளங்கள், அதே வேகத்தடைகள். அம்மா கத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ரோடு போட்டுட்டாங்களாடா?” என்று கேட்டார். “ஆமாம்மா, போட்டுட்டாங்க” என்றார் அண்ணன், கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. திரும்பி வரும்போது அம்மா என் தோளில் தூங்கிப்போனார். அதற்குப் பிறகு ஒரு நடைகூடத் தவறவில்லை. வாக்கரை விட்டுவிட்டு வாசல் கேட் வரைக்கும் அம்மா தானாக நடந்து வந்து, பால்காரரிடம் சண்டை போடும் அளவுக்குத் தேறினார்.

அண்ணன் காலமானது அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை, அடுத்த வாரமும் இல்லை. மாதங்கள் கழித்து, கல்லூரி அலுவலகத்தில், மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் டாக்டர் என்னிடமும் அண்ணியிடமும் தெளிவாகச் சொன்னார்: இருதயக் குழாயில் பல வருடங்களாகச் சேர்ந்துவந்த அடைப்பு. காருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவுடன் காரணம் கேட்க வேண்டும். “எப்படி ஆச்சு? ஏன் ஆச்சு? முன்னாடியே பாக்கலியா?” கேட்கிற பதில் அவர்களுக்குத் திருப்தியாக இல்லாவிட்டால், தாங்களே ஒன்றைத் தயார் செய்துகொள்வார்கள். டேவிட் சார் அழுதுகொண்டே, “எவ்வளவு கைத்திறமை, அன்னிக்கு கார் ஷாக்கைக்கூடத் தானே மாத்தினார்” என்று ஆதங்கத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்த மாமா அதைப் பிடித்துக்கொண்டார். நேராக அம்மாவிடம் போய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

“அக்கா, உன்னைத் தூக்கிட்டுப் போறதுக்காகத்தானே இந்த வயசுல அவன் காருக்கு அடியில போய்ப் படுத்தான். அந்தப் பாரம்தான் நெஞ்சுல அடிச்சிடுச்சு.”

அம்மா அதுவரை அழுதுகொண்டிருந்தார். அந்த நொடியில் அழுகை நின்றது. அதன் பிறகு இன்றுவரை அம்மா அழவில்லை.

சுற்றி இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. “ஆமா, பெத்தவளுக்காக உசுரையே குடுத்துட்டான்” என்று அதைப் புகழ்ச்சியாக வேறு ஆக்கினார்கள். பதினாறாம் நாளுக்குள் அது ஊர்க்கதை ஆகிவிட்டது. யாரைப் பார்த்தாலும் எங்களிடமே அதைச் சொல்கிறார்கள்! என் அண்ணன் எவ்வளவு நிதானமாக, எவ்வளவு பத்திரமாகச் செய்த வேலை அது! அவர் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமாக இருந்த ஒரு நாளைப் பிடுங்கி, அதையே அவருக்கு எமனாக்கிவிட்டார்கள்.

அம்மா அந்தக் காரில் மறுபடி ஏறவில்லை. ஆட்டோ கூப்பிட்டோம், வரவில்லை. பிசியோதெரபிப் பெண்ணை வீட்டுக்கே வரவழைத்தோம். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “எனக்காக யாரும் ஒண்ணும் பண்ண வேணாம். பண்ணவன் போய்ட்டான்” என்றார். கேட் வரைக்கும் நடந்தவருக்கு இப்போது கட்டிலைவிட்டு இறங்க இரண்டு பேர் வேண்டும். டாக்டர் சொன்னதை நானும் அண்ணியும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டோம். “என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. என் தம்பி ஏன் பொய் சொல்லப்போறான்?” என்கிறார். ஏன் சொன்னார் என்பதை எப்படிச் சொல்வேன் நான்?

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணனைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிய கல்லூரி அலுவலக நண்பர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. விரட்டினாலும் மாதா மாதம் போன் செய்து அம்மாவைக் கேட்கும் அந்தப் பிசியோதெரபிப் பெண்ணுக்கு நன்றி. டேவிட் சார், நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, தயவுசெய்து பழையபடி வீட்டுக்கு வாருங்கள். இதை எழுத வேண்டாம், பகை வரும் என்று தடுத்துவிட்டு, கடைசியில் “சரி, உங்க இஷ்டம்” என்ற அண்ணிக்கு என் வணக்கம்.

மாமா, இந்த மலர் உங்கள் கையிலும் இருக்கிறது. நாங்கள் நூறு முறை சொல்லி ஏறாதது நீங்கள் ஒரு முறை சொன்னால் ஏறும். அம்மா உள் அறையில்தான் இருக்கிறார், கதவு திறந்தே இருக்கிறது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் தெரியாமல் சொன்னேன், அது உண்மையில்லை அக்கா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வேறு யாராவது அதே கதையைப் பேசியிருந்தால் அவர்களும் கூடப் போகலாம். நீங்கள் சொல்லிவிட்டு வெளியே வருகிறவரை உங்களுக்கு இலை போட வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

— தங்கை