கோதுமை இல்லாத ரொட்டி

அந்த பேக்கரியில் அடுப்பு கணவன் பொறுப்பு, மாவு மனைவி பொறுப்பு. தெருவே அவளை ரொட்டிக்காரி என்றுதான் அழைத்தது. அவள் பிசைந்த மாவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தால் சன்னல் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். மாவு மட்டும் கிழியாது.

அப்படிப்பட்டவள் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதுபோல் இளைத்துப்போனாள். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வயிறு உப்பும், பேதியாகும். மாவு மூட்டையைத் தோளில் போட்டு நடந்தவளுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கவே மூச்சு வாங்கியது. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் கிணற்றில் போட்ட கல்தான். கல்லாவில் உட்காரும் நாத்தனார், அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவளாகவே முடிவு கட்டி, காலையும் மாலையும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கையில் திணித்தாள். அன்பாகத்தான் செய்தாள். ஆனால் அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதையாகிவிட்டது.

கடைசியில் குடல் டாக்டரம்மா ரத்தம் எடுத்து, குழாய் விட்டுக் குடலையும் பார்த்துவிட்டு, சீலியாக் நோய் என்றார். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. இவள் உடம்பு அதைப் பகையாளியாக நினைத்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் மெல்லிய இழைகள் தேய்ந்துவிட்டன. இரும்பும் வைட்டமினும் உள்ளே போயும் சேராததற்கு அதுதான் காரணம் என்று பொறுமையாக விளக்கினார். கோதுமையை அறவே விட்டுவிட்டால் இழைகள் திரும்ப வளருமாம். மாவுத் தூசி வாயில் படுவதுகூட ஆகாதாம்.

"குளூட்டன்னா எது டாக்டர்?" என்று கேட்டாள்.

"மாவைப் பிசைஞ்சா ரப்பர் மாதிரி இழுபடுதில்ல, அந்தப் பசைம்மா."

இத்தனை காலம் எதை இழுத்துப் பார்த்துப் பெருமைப்பட்டாளோ, அதுவே அவளை அரித்திருக்கிறது.

அதன்பின் பேக்கரிக்கு மேலே இருந்த மாடி அறையே அவளுக்குக் கதி என்றானது. கணவன் கீழேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் மேலே வருவான். அரிசி, பருப்பு, காய், முட்டை என்று சாப்பிட்டதில் மாதங்கள் போகப்போகக் கன்னம் தேறியது, பசி வந்தது. பசியோடு வீம்பும் வந்தது.

"ஏங்க, எதிர்ல அந்தத் தையல் கடை மூடித்தானே கிடக்கு? எனக்கு எடுத்துக் கொடுங்க. கோதுமை இல்லாம ரொட்டி போடப் போறேன்."

கணவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். மறுவாரமே சுவருக்கு வெள்ளையடித்து, புது அடுப்பும் புதுத் தட்டுகளும் இறக்கினான்.

அரிசி மாவும் மரவள்ளி மாவும் கலந்து போட்ட முதல் ரொட்டியைக் கணவன் மேசையில் தட்டிப் பார்த்தான். 'டொக்' என்றது.

"கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றான்.

ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துவைக்கப் பசை இல்லை. எல்லாம் ஓட்டைப் பலூன் போலப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரிடம் போய் முறையிட்டாள். இசப்கோல் உமியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் அவர். அது தண்ணீரில் ஊறிக் கூழாகும் நார்ச்சத்து, காற்றைப் பிடித்தாலும் பிடிக்கும் என்றார். மலச்சிக்கலுக்குக் குடிப்பதைப் போட்டு ரொட்டியா என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரொட்டிக்காரி விடவில்லை. புது மாவு பிசைய வராது என்று புரிந்துகொள்ளவே அவளுக்கு நாளாயிற்று. கை பழைய பழக்கத்தில் குத்தப் போகும். மாவோ சகதியாக விரலில் அப்பும். தண்ணீரைக் கூட்டினாள். முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் சேர்த்தாள். பிசைவதை விட்டுவிட்டுக் கரண்டியால் அச்சில் ஊற்றினாள். ரொட்டி எழும்பியது. ஆசை பொறுக்காமல் சூட்டோடு அறுத்தால் உள்ளே களி. மாவுச்சத்து ஆறினால்தான் இறுகும் என்று அதிலிருந்து கற்றுக்கொண்டாள்.

அடுத்த ரொட்டியை ஆறும்வரை தொடவில்லை. கணவனையும் தொட விடவில்லை. அறுத்தபோது கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. துண்டு முழுக்கச் சின்னச் சின்னக் கண்கள். மடித்தாள், உடையவில்லை. வாயில் வைத்தாள். மெல்ல மெல்லக் கண்ணில் நீர் கட்டியது. கணவன் பதறி, "என்னாச்சு, வயிறு வலிக்குதா?" என்றான்.

"ரொட்டிங்க" என்றாள். "இது ரொட்டிதான்."

அதே நோய்க்காரியான ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியை உணவு ஆலோசகர் அனுப்பிவைத்தார். அவள் நின்றுகொண்டே நாலு துண்டு தின்றாள். பிறகுதான் உட்காரலாமா என்று கேட்டாள். அவள் வாய் சும்மா இருக்குமா? அந்த வாரத்துக்குள் எங்கெங்கோ இருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையும் தினமும் கேட்டது.

மறு பரிசோதனையில், குடல் இழைகள் நன்றாக வளர்ந்துவிட்டன என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு ரொட்டி வேண்டும் என்றார்.

இப்போது எதிர்க்கடைக் கல்லாவில்தான் நாத்தனார் உட்காருகிறாள். வருகிறவர்களிடம் குளூட்டன் என்றால் என்ன, நார்ச்சத்து என்ன செய்யும் என்று அவள் விரிவுரையே நடத்துவாள். நேற்று காலை தட்டு காலியான பிறகும் வாசலில் வரிசை நின்றது. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, இந்த அடுப்பு இனிமே பத்தாது."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லியாச்சு" என்றாள் ரொட்டிக்காரி, அடுத்த அச்சில் மாவை ஊற்றிக்கொண்டே. "பெரிசா பார்த்து எடுத்துட்டு வரப் போயிருக்கார்."